நெமிலிச்சேரியில் டேங்கோ ஆட ஒரு தரை

பொய் சொன்னது பியூனஸ் அயர்ஸில். அதற்காக அலைந்தது அம்பத்தூர், வானகரம், நூம்பல், பூந்தமல்லி. ஆகவே இதையும் வெளிநாட்டுப் பயணக் கட்டுரை என்றே சொல்வேன். விமானம் கொஞ்சம் குறைவு, ஆட்டோ கொஞ்சம் அதிகம்.

போன வருடம் கம்பெனி என்னை மூன்று மாத வேலையாக அர்ஜென்டினாவுக்கு அனுப்பியது. அங்கே அலுவலக வரவேற்பில் இருந்த மிர்த்தா என்ற அறுபது வயது அம்மாள், நான் தனியாக உட்கார்ந்து தயிர்சாதம் தேடுவதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, புதன்கிழமைதோறும் டேங்கோ ஆடக் கூட்டிப்போனார். மேடை டேங்கோ இல்லை. பல்லில் ரோஜா எல்லாம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்களும் பல் டாக்டர்களும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்களும் கூடி, இருவர் இருவராக அணைத்துக்கொண்டு ஹாலைச் சுற்றி நடக்கிற சாதாரண டேங்கோ. அந்தக் கூட்டத்துக்கு மிலோங்கா என்று பெயர். மூன்று மாதத்தில் எனக்குக் கால் வந்துவிட்டது.

ஒரு புதன்கிழமை, பக்கத்து நாற்காலிக்காரர் என்னிடம் கேட்டார்: “உங்கள் ஊரில் ஆடுவதற்கு ஹால் எல்லாம் இருக்கிறதா, மரத்தடியா?”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ஆவடியை ஒட்டிய நெமிலிச்சேரியில், எங்கள் தெருவில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அதனால் ‘தெரியாது’, ‘இல்லை’ என்ற இரண்டு சொற்களும் எனக்கு வாயில் வராது. “ஆவடியில் சனிக்கிழமைதோறும் மிலோங்கா நடக்கிறது” என்றேன். “தரை உங்கள் தரையைவிட வழவழப்பு.” மிர்த்தா என் தோளைத் தட்டி, “கேட்டாயா?” என்று அவரைப் பார்த்துச் சிரித்தார். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இந்த ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை மிர்த்தாவிடமிருந்து செய்தி வந்தது. ஒரு வாரப் பயிற்சிக்காக எங்கள் அம்பத்தூர் அலுவலகத்துக்கு வருகிறாராம். சனிக்கிழமை ஓய்வாம். ‘ஆவடி மிலோங்காவுக்காக ஷூவை எடுத்து வைத்துவிட்டேன்’ என்று எழுதி, தங்க நிற ஹீல்ஸின் படத்தையும் அனுப்பியிருந்தார்.

டேங்கோ ஆடுகிறவர்கள் நம் ஊரிலும் எட்டுப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நகரத்தின் தெற்குக் கோடியில் ஆடுகிறார்கள். அவர்களை ஒருங்கிணைக்கும் ரகுவுக்குப் போன் செய்து, சனிக்கிழமை ஆவடிப் பக்கம் வர முடியுமா என்று கேட்டேன்.

“ஆவடியா? அதுக்கு விசா வாங்கணுமே புவனா” என்றார்.

“ஆவடி தனி மாநகராட்சி. வர்றவங்களுக்கு நாங்களே விசா குடுத்துடுவோம்.”

“சரி, எந்த ஹால்?”

“லொகேஷன் அனுப்பறேன்” என்று போனை வைத்தேன். ஆள் கிடைத்துவிட்டது. இடம் கிடைக்க ஐந்து நாள் இருந்தது.

என் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அலுவலகம் முடிந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு ஹால் தேட ஒத்துக்கொண்டார். அந்த ஆட்டோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக அதில் இண்டிகேட்டர் எரியாது. திரும்ப வேண்டிய பக்கம் நைனா காலை வெளியே நீட்டுவார். நேராக, பாதத்தை வளைத்து, அவசரமில்லாமல். பின்னால் வரும் லாரிகூட அந்தக் காலுக்கு மரியாதை கொடுத்து நிற்கும். எனக்குத்தான் வெட்கமாக இருக்கும்.

“அத்த சரி பண்ணக்கூடாதா நைனா?”

“காலு கீது இல்ல? அதுக்கு பல்பு மாத்தணுமா, ஒயரு மாத்தணுமா?”

செவ்வாய்க்கிழமை அம்பத்தூரில் ஒரு உடற்பயிற்சிக் கூடம். மாடியில் ஸூம்பா வகுப்பு நடக்கும் பெரிய அறை. கண்ணாடி, மின்விசிறி, பாட்டுப்பெட்டி எல்லாம் இருந்தன. தரையில் கறுப்பு ரப்பர். டேங்கோவில் ஒற்றைக் காலில் சுழல வேண்டும். சுழன்று பார்த்தேன். இடுப்புக்கு மேலே நான் ஆவடிப் பக்கம் திரும்பினேன், முழங்காலுக்குக் கீழே அம்பத்தூரிலேயே இருந்தேன். மாஸ்டர் ஓடி வந்து பிடித்தார்.

“மேடம், வார்ம் அப் பண்ணாம ஏன் பண்றீங்க?”

“ரப்பரை எடுத்துடலாமா?”

“எடுத்தா கீழ் வீட்டுக்காரர் வந்துடுவாரு மேடம்.”

கீழே இறங்கி, முட்டி வலிக்கு மருந்தாக மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். பியூனஸ் அயர்ஸில் ஆட்ட இடைவேளையில் எம்பனாடா தருவார்கள். உள்ளே மாட்டுக்கறி வைத்த சோமாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதைத் தொட்டுக்கொள்ளச் சட்னி வேண்டும் என்பது அந்த நாட்டில் இன்னும் யாருக்கும் தோன்றவில்லை. இதற்கு மாறாக, ஒரே குடுவையில் ஒரே உறிஞ்சுகுழலை வைத்துப் பத்துப் பேர் சுற்றிச் சுற்றிக் குடிக்கும் மாத்தே என்ற தேநீர் ஒன்று இருக்கிறது. எச்சில் என்ற சொல்லை மிர்த்தாவுக்கு விளக்க நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு இலக்கணப் புத்தகமே எழுதியிருக்கலாம்.

புதன்கிழமை வானகரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. கிளப் ஹவுஸ் தரை பனிக்கட்டி மாதிரி இருந்தது. நான் மனத்துக்குள் ஷூ மாட்டிக்கொண்டேன். செக்ரெட்டரி ஈரோட்டுக்காரர், வாய்க்கு வாய் ‘ங்க’ போடுகிறவர். ஒரு படிவத்தை நீட்டினார். நிகழ்ச்சியின் வகை: பிறந்தநாள், வளைகாப்பு, யோகா, பஜனை. ஒன்றை டிக் செய்ய வேண்டும்.

“இதுல எதுவும் இல்லைங்க. டேங்கோ. இருவர் அணைச்சுக்கிட்டு நடக்கறது.”

“நடக்கறதுதானுங்களே? அதுக்கு வாக்கிங் டிராக் இருக்குதுங்களே.”

“ஆனா அணைச்சுக்கிட்டு.”

பேனாவை மூடி வைத்துவிட்டார். “குடும்பங்கள் இருக்கிற இடமுங்க. கமிட்டி குரூப்ல கேட்டுச் சொல்றனுங்க.”

நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அவருடைய போன் டிங் டிங் என்று கால் மணி நேரம் அடித்தது. ஒருவர் பார்க்கிங் பற்றிக் கேட்டாராம். ஒருவர் தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்றாராம். கடைசியில் முடிவு வந்தது.

“ஓகேங்க. நம்ம நீச்சல் குளத்துக்கு இருக்கற ரூல்தானுங்க இதுக்கும். நாலு டு அஞ்சு லேடீஸ். அஞ்சு டு ஆறு ஜென்ட்ஸ்.”

நைனா ஆட்டோவில் ஏறும்வரை பொறுத்திருந்தார். “அந்தாளு ஊட்டுல கல்யாணம் எப்டி பாப்பா நடந்திருக்கும்? பொண்ணுக்கு நாலு மணி முகூர்த்தம், மாப்ளைக்கு அஞ்சு மணியா?”

வியாழக்கிழமை மழை. வேலப்பன்சாவடி தாண்டியதும் பள்ளம் எது, சாலை எது என்று தெரியாத ஒரு குளத்தில் ஆட்டோ நின்றுவிட்டது. நான் இறங்கித் தள்ளினேன். வெளிநாடு போய் வந்த சாஃப்ட்வேர் பெண் முட்டி வரை தண்ணீரில் நின்று ஆட்டோ தள்ளுவதை, பைக்கில் போன என் சக ஊழியர் ஒருவர் பார்த்துக் கையசைத்தார். நானும் கம்பீரமாகக் கையசைத்தேன். அந்த நேரம் பார்த்து வண்டி கிளம்பிவிட்டது. மீதித் தண்ணீர் என் மேல்.

நூம்பலில் நைனாவின் நண்பர் ஒரு ஷோரூம் கட்டிக்கொண்டிருந்தார். மார்பிள் போட்டாகிவிட்டது, கதவு இன்னும் வரவில்லை. போய்ப் பார்த்தால் மழைக்கு ஒதுங்கி எட்டு எருமைகள் உள்ளே படுத்திருந்தன. நடு ஹாலில், வட்டமாக, முதல் வரிசை டிக்கெட் வாங்கியவை போல.

“அதுங்க நடுவுலதானே கீது. நீங்க ஓரமா சுத்துங்களேன்” என்றார் நைனா.

கிண்டலாகச் சொன்னாலும் அதுதான் டேங்கோவின் சட்டம். எல்லா ஜோடியும் ஓரமாகத்தான் சுற்ற வேண்டும். நடுவே புகுந்தால் மரியாதை இல்லை. எருமைகளைச் சுற்றி நடந்து காட்டினேன்.

“இப்படி, இடது பக்கமா சுத்திவரணும் நைனா. உலகம் பூரா இதான் வழக்கம்.”

நைனா தாடையைச் சொறிந்தார். “ராங் சைடுல போற மாதிரி கீதே.”

பூந்தமல்லியில் நனைந்த உடையோடு பிரியாணி சாப்பிட்டோம். மிர்த்தாவின் ஊரில் இரவு பத்து மணிக்குத்தான் சாப்பிட உட்காருவார்கள். மிர்த்தா மட்டும் சாப்பிட மாட்டார். பத்து அடித்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார், ‘பூனைக்குச் சோறு வைக்கணும்’ என்று ஷூவைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடுவார். வீடு நகரத்தின் நடுவே, இரண்டு தெரு தள்ளி என்பார். அவ்வளவு அவசரப்படுகிற பூனையை நான் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை என்னிடம் இடம் எதுவும் இல்லை. ரகு மூன்று முறை லொகேஷன் கேட்டுவிட்டார். மிர்த்தா அலுவலகத்துக்கு வந்து சேர்ந்து, கட்டிப்பிடித்து, “நாளைக்கு” என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டார். நைனாவிடம், “உண்மையைச் சொல்லிடப் போறேன்” என்றேன்.

“நம்ம மண்டபத்த பாக்கவே இல்லியே பாப்பா.”

எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்தைச் சொன்னார். எனக்குக் காது குத்தியதும் அங்கேதான், தெருவில் எல்லோருக்கும் கல்யாணம் நடந்ததும் அங்கேதான். பியூனஸ் அயர்ஸுக்குக் காட்டுகிற இடமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நிமிடத்தில் நடந்து போய்விட்டோம்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்வது சரோஜாக்கா. சாவி இடுப்பில், துடைப்பம் கையில். “ஆடி மாசம், எவன் கல்யாணம் பண்றான்? சொம்மாதான் கீது. வா கண்ணு” என்று கதவைத் திறந்தார்.

மொசைக் தரை. எத்தனையோ வருடமாகப் பந்திக்கு ஓடியவர்களின் கால்கள் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய மொசைக். சாக்ஸோடு ஒரு காலில் சுழன்றேன். ஒன்றரைச் சுற்று. சுவரோரம் நாற்காலிகள். நான் தேடியதெல்லாம் என் தெருமுனையிலேயே, இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்தது.

“செருப்பு மட்டும் வெளிய உட்டுடணும். புள்ளையார் கீறாரு” என்றார் சரோஜாக்கா. “வெளிநாட்டம்மாவா வராங்க? நான் பாத்துக்கறேன். நீ கவலப்படாம தூங்கு.”

அப்படிச் சொல்லியும், ‘என்ன பார்த்துக்கொள்வீர்கள்?’ என்று கேட்காமல் போய்த் தூங்கினேன். அதுதான் தப்பு.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மிர்த்தாவை ஆட்டோவில் கூட்டிவந்தோம். திருப்பத்துக்குத் திருப்பம் நைனா காலை நீட்ட, மிர்த்தா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். மண்டப வாசலில் தங்க நிற ஹீல்ஸைக் கழற்றி, முப்பது நாற்பது ரப்பர் செருப்புகளுக்கு நடுவே வைத்துவிட்டு இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

முப்பது நாற்பது செருப்பு ஏன் என்று நான் யோசிக்கவில்லை. உள்ளே போனதும் புரிந்தது. எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் பட்டுப்புடவையில், வளைகாப்புக்கு வந்தவர்கள் போலச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஹாலின் நடுவே, நான் ஒன்றரைச் சுற்று சுற்றிய அதே மொசைக்கின் மேல், ஒரு லாரியை நிறுத்துகிற அளவுக்குக் கலர்ப்பொடிக் கோலம். மயில்கள், தாமரைகள், நடுவே எரிகிற குத்துவிளக்கு. சுற்றிலும் நாலு முழத்துக்கு ஓரம் மட்டும் மிச்சம்.

“காலையிலேர்ந்து போட்டேன் புவ்னா. இடுப்பு போயிடுச்சு” என்றார் சரோஜாக்கா பெருமையாக. அதை அழிக்கச் சொல்கிற வாய் எனக்கு இல்லை. எந்தப் பல்கலைக்கழகமும் அதைக் கற்றுத்தரவும் இல்லை.

மிர்த்தா கோலத்தைப் பார்த்தார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “எங்கள் ஊரில் நடுவே வந்து முட்டாதீர்கள் என்று நாற்பது வருடமாகக் கெஞ்சுகிறோம்” என்றார். “நீங்கள் வரைந்தே வைத்துவிட்டீர்கள். எவ்வளவு காலமாக இந்த ஏற்பாடு?”

“ரொம்ப காலமாக” என்றேன். கோலம் என்ற அளவில் அது உண்மைதான்.

ரகுவும் தெற்கத்தி எட்டுப் பேரும் வழி தப்பிப் பட்டாபிராம் வரை போய்த் திரும்பி வந்து சேர்ந்தார்கள். பாட்டைப் போட்டேன். ஜோடிகள் சாக்ஸ் காலோடு இடது பக்கமாகச் சுற்றத் தொடங்கின. தெருப் பெண்கள் மோவாயைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அரைச்சுற்றுகூட ஆகியிருக்காது.

“நிறுத்து, நிறுத்து.” சரோஜாக்கா துடைப்பத்தோடு குறுக்கே வந்து நின்றார். “இன்னாமா இது? எரியற விளக்க எடப்பக்கமா சுத்தறாங்க? அப்டி எங்க சுத்துவாங்கன்னு தெரியாது? மண்டபத்துல நாளைக்கு நல்லது நடக்க வேணாம்?”

பாட்டை நிறுத்தினேன். ரகு, “இது இன்டர்நேஷனல் ரூல்ங்க” என்றார்.

“எந்த நேஷனலா இருந்தாலும் எங்க மண்டபத்துல வலம்தான்.”

நாற்காலிகள் தலையாட்டின. மிர்த்தா என் பக்கத்தில் வந்து என்ன விஷயம் என்று கேட்டார். சாவுச் சடங்கில்தான் இடப்பக்கமாகச் சுற்றுவார்கள் என்று சொன்னேன். அவர் புருவம் சுருங்கியது. “சனிக்கிழமைதோறும் ஆடுகிறீர்களே. இதுவரை இந்தப் பிரச்சினை வந்ததே இல்லையா?”

வழுக்கிக்கொண்டு போக இன்னும் ஒரு பொய் தயாராக இருந்தது. ஆனால் சரோஜாக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், வாழ்க்கையில் டேங்கோவைக் கேள்விப்படாத என் தெரு முழுவதும் எனக்காகப் பட்டு உடுத்தி உட்கார்ந்திருந்தது. இதைப் பழைய விஷயம் என்று சொன்னால் அந்த உழைப்பெல்லாம் இல்லாமல் போய்விடும்.

“இதுதான் முதல் சனிக்கிழமை” என்றேன். “அங்கே நான் சொன்னது பொய். இங்கே மிலோங்கா கிடையாது. நேற்று வரைக்கும் ஹாலே கிடையாது.”

மிர்த்தா என் காதருகே குனிந்தார். “என்னிடம் பூனை கிடையாது” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“வீடும் நகரத்தில் இல்லை. மேற்கே போகிற ரயிலின் கடைசி நிறுத்தம். பத்தரை மணி வண்டியை விட்டால் அப்புறம் கஷ்டம். புறநகர் என்று சொன்னால் அந்த நாற்காலிக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரியும்.” பிறகு சரோஜாக்காவைக் காட்டி, “அவரிடம் கேள், சரியாக எந்தப் பக்கம்?” என்றார்.

தெற்கத்தி எட்டுப் பேர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது மூலையிலிருந்து நைனா எழுந்தார். “பாப்பா, அவங்க ஊர்ல வண்டி எந்தப் பக்கம் ஓட்டுவாங்க?”

“வலது பக்கம்.”

“அப்ப ரவுண்டானாவ எடப்பக்கமா சுத்துவாங்க. அங்க அது கரீட்டு. இங்க நாம லெஃப்ட்ல போறவங்க. ரவுண்டானாவுல வலமாத்தான் சுத்தறோம். சாருங்கோ கார்ல வந்தீங்களே, எந்தப் பக்கமா சுத்தி வந்தீங்க?”

ரகு விரலால் காற்றில் ஒரு ரவுண்டானா வரைந்து பார்த்தார். பிறகு தன் ஜோடியை வலப்பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்.

மறுபடி பாட்டு. இம்முறை வலமாக. வருடக்கணக்கில் இடது பக்கமே சுற்றிப் பழகியவர்கள் கால் மாறி, தோள் மாறி, ஒருவர் முதுகில் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். நாற்காலிகளில் இருந்து யோசனைகள் வந்தன. “அந்த நீலச் சட்ட, கோலத்த மிதிக்காதே.” “அம்மாவ கெட்டியா புடிப்பா, உழுந்துடப் போறாங்க.” வானகரம் செக்ரெட்டரி இருந்திருந்தால் மயங்கியிருப்பார். எங்கள் தெருக்காரர்களோ அணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விளக்கு சரியான பக்கம் சுற்றப்படுகிறதா என்பதுதான் அவர்கள் கவலை.

டேங்கோவில் வாயால் கேட்டு அழைப்பதில்லை. தூரத்தில் இருந்தே கண்ணைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும், எதிராளி தலையசைத்தால் சம்மதம். மிர்த்தா எதிர்ச் சுவரில் இருந்த நைனாவைப் பார்த்துத் தலையசைத்தார். முப்பது வருடமாக ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கிற மனிதர். அவரும் தலையசைத்தார். பிறகு எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

நான் ஓடிப் பிடித்தேன். “எங்க நைனா போறீங்க?”

“அந்தம்மா சவாரிக்குக் கூப்பிட்டாங்களே.”

“ஆடக் கூப்பிட்டாங்க நைனா.”

சாவியையும் மிர்த்தாவையும் மாறி மாறிப் பார்த்தார். “தலையாட்டிட்டேனே” என்றார். “ஒத்துகினு போவாம இருந்தா தப்பு.”

சாவி சட்டைப் பையில் குலுங்க, தலையாட்டிய வாக்குக்காக நைனா ஆடினார். ஆடினார் என்பதைவிட ஓட்டினார் என்று சொல்லலாம். முன்னால் போகிற ஜோடியை முட்டாமல், பின்னால் வருகிறவருக்கு வழி விட்டு, கோலத்தில் ஒரு பொடியைக்கூடக் கலைக்காமல், மிர்த்தாவைப் பயணி மாதிரி பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்தார். அந்த ஹாலில் வலம் போகத் தடுமாறாதவர் அவர் ஒருவர்தான். மூலை வந்தபோது, திரும்புவதற்கு முன், பழக்க தோஷத்தில் வலது காலை வெளியே நீட்டினார். நேராக, பாதத்தை வளைத்து, அவசரமில்லாமல். பின்னால் வந்த ரகு சட்டென்று நின்றார்.

பாட்டு முடிந்ததும் மிர்த்தா மூச்சு வாங்க என்னிடம் வந்தார். “அந்தக் காலை நீட்டுகிற அசைவு, நாற்பது வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. அதற்கு என்ன பெயர்?”

“ஆவடி” என்றேன். இது பொய்யா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

போன வாரம் மிர்த்தா ஒரு வீடியோ அனுப்பினார். மேற்கு ரயிலின் கடைசி நிறுத்தத்தில் ஏதோ ஒரு சின்ன ஹால். ஆறேழு ஜோடிகள், மூலைக்கு மூலை காலை நீட்டித் திரும்புகிறார்கள். பக்கம் மட்டும் அவர்கள் ஊர்ப் பக்கம். நைனா அதை மூன்று முறை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“இன்னா பாப்பா, அந்த ஊர்ல ஒருத்தனுக்கும் இண்டிகேட்டர் எரியலியா?” என்றார். பிறகு, “நான் நாளைக்கி மெக்கானிக் கிட்ட போறேன். நீதான் ரெண்டு வருஷமா சொல்லிகினு கீறியே” என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.